உங்கள் முகம், உங்கள் குரல், யாரோ செய்த வீடியோ: டீப்ஃபேக்கும் சட்டமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் வசிப்பவர்களுக்காக எழுதியது இது. 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் வரை சேர்த்திருக்கிறோம். உங்கள் முகத்தையோ குரலையோ வைத்து ஏஐ-ஆல் செய்த போலி வீடியோவை (டீப்ஃபேக் என்பது இதுதான்) இப்போதுதான் பார்த்து, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருக்கிறீர்கள் என்றால் முதல் கேள்வியை விட்டுவிட்டு நேராக இரண்டாவதற்குப் போங்கள். மற்றதை நாளைக்குப் படித்துக்கொள்ளலாம்.

டீப்ஃபேக்குக்கு என்று தனிச் சட்டம் உண்டா?

தனிச் சட்டம் என்று கிடையாது. காவல் நிலையத்தில் போய் "டீப்ஃபேக்" என்று மட்டும் சொன்னால், எந்தப் பிரிவில் எழுதுவது என்று ரைட்டரும் யோசிப்பார். எந்த ஆப்பில் செய்தார்கள் என்பது இரண்டாம் பட்சம். அதனால் உங்களுக்கு என்ன கேடு வந்தது என்று சொன்னால் பிரிவு தானாக வந்துவிடும்.

2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் வீடியோவில் ஒட்டிப் பரப்பினார்கள். டெல்லி போலீஸ் பதிந்த வழக்கில் இருந்தவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 465, 469 பிரிவுகளும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66ஈ பிரிவுகளும். நான்குமே டீப்ஃபேக் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் 465-ம் 469-ம் இப்போது பிரிவு 336-க்குள் இருக்கின்றன. ஒருவரின் பெயரைக் கெடுக்க மின்னணு ஆவணத்தைப் பொய்யாகப் புனைவது 336(4), மூன்றாண்டு வரை சிறை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் எது எதற்கு: அடுத்தவரின் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆபாசமாக இருந்தால் 67. பாலுறவுக் காட்சியாக இருந்தால் 67ஏ, முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் வரை அபராதமும்.

66ஈ-யில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவரின் அந்தரங்க உறுப்பை அவர் சம்மதமில்லாமல் படமெடுப்பதையும் பரப்புவதையும் பற்றியது அந்தப் பிரிவு. டீப்ஃபேக்கில் முகம்தான் உங்களுடையது, உடல் வேறு யாருடையதோ. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். ஆகவே நிர்வாண டீப்ஃபேக் என்றால் 66ஈ-யை மட்டும் நம்பி விட்டுவிடாமல் 67, 67ஏ ஆகியவையும் எஃப்.ஐ.ஆரில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை இப்போதுதான் பார்த்தேன். முதலில் என்ன செய்வது?

முதலில் ஆதாரத்தை எடுத்து வையுங்கள், நீக்கச் சொல்வது அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் வழக்கே நின்றுபோகலாம். பதற்றத்தில் பத்து நண்பர்களை விட்டு "ரிப்போர்ட்" அடிக்கச் சொல்கிறார்கள், வீடியோ போய்விடுகிறது, மறுநாள் காவல் நிலையத்தில் காட்ட மங்கலான ஒரு ஸ்கிரீன்ஷாட்தான் மிஞ்சுகிறது. (வீடியோவில் இருப்பது 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் இங்கே நிறுத்துங்கள். கீழே அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது, வழிமுறையும் வேறு.)

பெரியவர்கள் விஷயத்தில் இப்படிச் செய்யுங்கள்:

1. கணினியில் பிரவுசரைத் திறந்து, முகவரிப் பட்டை தெரியும்படி முழுத் திரையையும் பதிவு செய்யுங்கள். கணினியின் தேதியும் நேரமும் ஓரத்தில் தெரியட்டும். பதிவு, அதைப் போட்ட கணக்கின் முகப்புப் பக்கம், கீழே உள்ள கமெண்டுகள் எல்லாவற்றையும் ஒரே பதிவில் மெதுவாக உருட்டிக் காட்டுங்கள்.

2. இணைப்பு முகவரியை எழுத்தாக நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டுங்கள். கணக்கின் பெயர் மட்டும் போதாது, அதை அரை நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். குறிப்பிட்ட பதிவின் இணைப்பு வேண்டும். யூடியூப் என்றால் சேனலின் பெயரோடு அதன் அடையாள எண்ணையும், டெலிகிராம் என்றால் சேனல் பெயரோடு அந்தச் செய்தியின் எண்ணையும் எடுங்கள். பெயர் மாறினாலும் இந்த எண்கள் மாறாது.

3. முடிந்தால் வீடியோவையே தரவிறக்குங்கள். பெயரை மாற்றாதீர்கள், வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்பட்டு வேறொரு கோப்பாகிவிடும். யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் பென் டிரைவில் கொடுங்கள்.

4. கோப்பின் ஹேஷ் மதிப்பை (அதன் டிஜிட்டல் கைரேகையை) எடுத்துக் குறித்து வையுங்கள். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள் கணினியில் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் போதும், எஸ்.எச்.ஏ-256 என்ற தேர்வு வரும். 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி கிடைக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுக்க மாறிவிடும்.

ஹேஷ் எதற்கு? பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63-படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஏ பகுதியை ஆதாரம் தருபவர் நிரப்ப வேண்டும், பி பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். போனின் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், ஐ.எம்.இ.ஐ. எண் என்று கேட்டுக்கொண்டே போய் ஹேஷ் மதிப்பில் வந்து நிற்கும். முதல் நாளே எடுத்து வைத்திருந்தால் பின்னால் "நீங்களே எடிட் செய்துவிட்டீர்கள்" என்ற வாதத்துக்கு இடமிருக்காது. அந்த போனை விற்பதும் ரீசெட் செய்வதும் வழக்கு முடிகிற வரை வேண்டாம்.

"இது நான் இல்லை, யாரும் நம்பாதீங்க" என்று அந்த வீடியோவோடு குடும்ப குரூப்பில் போடலாமா?

கூடாது. ஆபாச வீடியோவைப் பரப்புவது யார் செய்தாலும் 67, 67ஏ-க்குள் வரும். உங்களுக்காகப் பரிந்து பேச நினைத்து அனுப்புகிற சித்தப்பாவும் அதில் சேர்த்திதான். வீடியோ இல்லாமல் வெறும் செய்தியாக எழுதுங்கள்: என் முகத்தை வைத்துப் போலி வீடியோ ஒன்று சுற்றுகிறது, புகார் கொடுத்தாகிவிட்டது, யாருக்காவது வந்தால் யார் அனுப்பினார் என்ற விவரத்தை எனக்குத் தெரிவித்துவிட்டு அதை அழித்துவிடுங்கள். இப்படி எழுதினால் அனுப்பியவர்களின் எண்களும் கைக்கு வந்துவிடும்.

ரிப்போர்ட் பட்டனை அழுத்தினேன், "விதிமீறல் இல்லை" என்று பதில் வந்துவிட்டது. அவ்வளவுதானா?

அந்தப் பட்டன் போகிற இடம் வேறு. அது அந்த நிறுவனத்தின் சொந்த விதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, பல சமயம் இயந்திரமே பார்ப்பது. சட்டப்படி கடிகாரம் ஓட வேண்டும் என்றால் 2021-ஆம் ஆண்டின் இடைநிலையாளர் விதிகளின்படி (இடைநிலையாளர் என்பது சமூக ஊடகம் போன்ற தளங்கள்) அந்நிறுவனம் இந்தியாவில் நியமித்திருக்கும் குறைதீர் அலுவலருக்குப் புகார் போக வேண்டும். ஒவ்வொரு தளத்தின் உதவிப் பக்கத்திலும் அவருடைய பெயர், மின்னஞ்சல் அல்லது படிவம் இருக்கும். இருக்க வேண்டும் என்பதே விதி.

புகாரில் விதி 3(2)(பி) என்று எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். நிர்வாணம், அந்தரங்கப் பகுதி, பாலுறவுக் காட்சி, செயற்கையாக மார்ஃப் செய்த படம் உள்ளிட்ட மின்னணு ஆள்மாறாட்டம் ஆகியவை இந்த விதிக்குள் வரும். பாதிக்கப்பட்டவரே கொடுக்கலாம், அவர் சார்பில் அம்மாவோ தோழியோ வக்கீலோ கொடுக்கலாம். முதலில் 24 மணி நேரம் என்றிருந்த கெடுவை 2026 பிப்ரவரி 20 முதல் இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். மற்ற பொதுவான புகார்களுக்கு 15 நாளாக இருந்தது ஏழு நாளாகியிருக்கிறது.

பதிலே வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். எல்லாம் இணையவழிதான். முன்பு கொடுத்த புகாரின் டிக்கெட் எண்ணைக் கேட்பார்கள் என்பதால் முதல் புகாரின் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

புகாரில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "இந்தக் கணக்கு என் வீடியோவைப் போட்டிருக்கிறது" என்று கணக்கின் பெயரை மட்டும் எழுதுவார்கள். அதற்கு வரும் பதில் "குறிப்பிட்ட இணைப்பைத் தரவும்". பத்து இடத்தில் இருந்தால் பத்து இணைப்பையும் வரிசையாகக் கொடுங்கள்.

அது போலி என்று நான் நிரூபிக்க வேண்டுமா?

நீக்குவதற்கு நிரூபிக்க வேண்டியதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. நிர்வாணப் படத்தை நீக்கச் சொல்லும் விதி, படம் உண்மையா போலியா என்று கேட்கவே இல்லை. நீங்கள் சம்மதிக்கவில்லை என்பதே போதும். ஆகவே ஏதாவதோர் ஆப்பில் ஏற்றி "92 சதவீதம் ஏஐ" என்று வரும் ரிப்போர்ட்டுக்காக நேரத்தையும் பணத்தையும் செலவழிக்க வேண்டாம். அந்த வீடியோவை இன்னோர் அந்நிய சர்வரில் ஏற்றியதுதான் மிச்சமாகும். குற்ற வழக்கு விசாரணைக்கு வரும்போது போலியா என்பதைத் தடய அறிவியல் ஆய்வகம் பார்க்கும்.

அவதூறு மட்டும்தான் குறை என்றால் (உதாரணமாக, நீங்கள் சொல்லாத சாதிப் பேச்சை உங்கள் வாயில் வைத்த வீடியோ) அங்கே உண்மையா பொய்யா என்பதுதான் வழக்கே. அப்போது அந்த வீடியோ எந்த அசல் வீடியோவிலிருந்து செய்யப்பட்டதோ அதைத் தேடிப் பிடியுங்கள். அதே சட்டை, அதே பின்னணி, அதே கையசைவு, வேறு பேச்சு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்கு ஈடான ஆதாரம் வேறில்லை.

போலீஸில் எங்கே போவது? சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதிவு செய்யலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார் என்றால் பெயர் சொல்லாமலே கொடுக்கும் வசதியும் அங்கே உண்டு. ஆனால் பெயரில்லாப் புகார் எஃப்.ஐ.ஆர். ஆவது அரிது. வழக்கு நடக்க வேண்டும் என்றால் மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 78-படி இந்தக் குற்றங்களை இன்ஸ்பெக்டரோ அதற்கு மேற்பட்டவரோதான் விசாரிக்க முடியும். ஊர் ஸ்டேஷனில் எஸ்.ஐ. "இது எங்க கையில இல்ல" என்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனாலும் புகாரை வாங்கமாட்டேன் என்று சொல்ல முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173-படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் பதிந்தாக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.

சி.எஸ்.ஆர். என்பது புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். அல்ல. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு பூர்வாங்க விசாரணை நடத்தலாம். அதற்குச் சட்டம் கொடுக்கும் கெடு 14 நாள். அதற்குமேல் இழுத்தால் எஸ்.பி.க்கு, நகரமென்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு, எழுத்தில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நகரவில்லையென்றால் வக்கீல் வைத்து பி.என்.எஸ்.எஸ். 175(3)-இல் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

அவதூறு மட்டும் (பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356) என்றால் போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார்தான். இதைத் தெரியாமல் ஆறு மாதம் காவல் நிலையத்துக்கு நடப்பவர்கள் உண்டு. சிவில் வழக்காகப் போட்டு நஷ்டஈடு கேட்பதென்றால் வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு.

விசாரணையின்போது உங்கள் வீடியோவை யார் யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பெண் அதிகாரி வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பென் டிரைவை உறையில் இட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டுக் கொடுங்கள்.

குற்றவாளியைப் பிடித்தார்கள், மறுநாளே ஜாமீனில் வந்துவிட்டான். ஏன்?

66சி, 66டி எல்லாம் மூன்றாண்டு வரைதான். போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஆனால் ஜாமீனில் விடக்கூடிய குற்றங்கள். 67ஏ இருந்தால் அப்படியல்ல. பிரிவுகளைச் சரியாகப் போடுங்கள் என்று முதல் கேள்வியிலேயே சொன்னதற்கு இதுவும் காரணம்.

எவ்வளவு நாள் கழித்துப் புகார் கொடுக்கலாம்?

சட்டம் வருடக்கணக்கில் நேரம் தருகிறது, சர்வர் தராது. நீக்கிய பதிவையும் அதன் விவரத்தையும் நிறுவனங்கள் 180 நாள் வரை வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. அதைத் தாண்டிவிட்டால் ஐ.பி. முகவரி கிடைக்காமல் போகலாம். மொபைல் இணையத்தில் ஒரே ஐ.பி.யை ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்வதால் துல்லியமான நேரமும் போர்ட் எண்ணும் (ஒரே ஐ.பி.யைப் பகிர்பவர்களைப் பிரித்துக் காட்டும் எண்) இருந்தால்தான் ஆள் சிக்குவான். நேரத்தை வினாடியோடு குறித்து வையுங்கள் என்று சைபர் க்ரைமில் கேட்பது இதனால்தான்.

லோன் ஆப்காரன் என் படத்தை மார்ஃப் செய்து, பணம் கட்டாவிட்டால் எல்லா கான்டாக்டுக்கும் அனுப்புவேன் என்கிறான்.

பணம் கட்டாதீர்கள். கட்டினால் நிற்காது, "கட்டுகிற ஆள்" என்ற பட்டியலில் உங்கள் பெயர் ஏறும். இது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 308, மிரட்டிப் பணம் பறித்தல், ஏழாண்டு வரை. பேசிய எண், அனுப்பிய யூ.பி.ஐ. முகவரி, வங்கிக் கணக்கு, ஆப்பின் சரியான பெயர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பிறகு ஆப்பை நீக்குங்கள். நீக்குவதற்கு முன் போனின் செட்டிங்ஸில் போய் கான்டாக்ட், கேலரி அனுமதிகளை ரத்து செய்யுங்கள். அவன் ஏற்கெனவே நகலெடுத்திருப்பான், ஆனாலும் புதிதாகச் சேர்வதாவது நிற்கும். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்குவதுதான் அந்த எண்ணின் வேலை. மகன் குரலில் போன் வந்து "விபத்து, உடனே அனுப்பு" என்று ஏமாந்தவர்களும் முதலில் அடிக்க வேண்டியது அதே 1930-தான், ஸ்டேஷன் பிறகு.

வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் சுற்றுவதை நீக்க முடியுமா?

வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போனவற்றை யாராலும் திரும்ப அழைக்க முடியாது. குரூப் அட்மினும் அனுப்பியவரும் அழிக்கலாம், அவ்வளவுதான். டெலிகிராமில் பொதுச் சேனல் என்றால் இணைப்போடு புகார் செய்தால் நீங்கும், அதே நாளில் வேறு பெயரில் முளைக்கவும் செய்யும்.

மறுபடி மறுபடி முளைப்பதைத் தடுக்க ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்ற சேவை இருக்கிறது. படத்தை நீங்கள் எங்கும் ஏற்ற வேண்டாம். உங்கள் போனிலேயே அதன் டிஜிட்டல் கைரேகை எடுக்கப்பட்டு அந்தக் கைரேகை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் தளங்களுக்குப் போகும். 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். படத்தை நன்றாக வெட்டியோ மாற்றியோ போட்டால் கைரேகை பொருந்தாமல் போகலாம், எனவே வெவ்வேறு வடிவங்கள் கிடைத்தால் ஒவ்வொன்றையும் பதிவு செய்யுங்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் பிரச்சினையை நேராகவே சந்தித்தது. 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்க வீடியோக்கள் பல தளங்களில் பரவிய வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்கும்படி மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் இத்தகைய படங்களை நீக்குவதற்கான செயல்முறையை அமைச்சகம் அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்டது.

பள்ளியில் படிக்கும் பிள்ளையின் படத்தை இப்படிச் செய்திருக்கிறார்கள்.

தரவிறக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், யாருக்கும் காட்டுவதற்காகக்கூட அனுப்பாதீர்கள். இணைப்பு முகவரியை மட்டும் எழுதிக்கொண்டு நேராகப் போலீஸுக்குப் போங்கள். கணினியால் உருவாக்கிய படமும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டத்தின் விளக்கத்துக்குள் வரும் என்று 2019-லேயே திருத்திவிட்டார்கள். "உண்மையான படமில்லையே" என்று தப்ப முடியாது. இப்படிப்பட்டதை வைத்திருப்பதே குற்றமாகலாம் என்பதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சென்னையிலிருந்து போன வழக்கு அது. தரவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

விஷயம் தெரிந்த பள்ளி நிர்வாகத்துக்கும் புகார் செய்யும் கடமை உண்டு. "பையன் எதிர்காலம்" என்று சொல்லி ஆசிரியர் அறையிலேயே பேசி முடிப்பது சட்டப்படி தவறு. பிள்ளையின் பெயரும் பள்ளியும் வெளியே தெரியக்கூடாது, பத்திரிகைக்கும் அது பொருந்தும். செய்தவனும் 18 வயதுக்குக் கீழ் என்றால் அவனுடைய விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தில் நடக்கும்.

நடிகர்கள் உயர் நீதிமன்றத்தில் வாங்கும் "ஆளுமை உரிமை" உத்தரவு சாதாரண ஆளுக்குக் கிடைக்குமா?

அந்த உத்தரவுகளின் அடித்தளம் இரண்டு. ஒன்று அந்தரங்க உரிமை, அது எல்லாருக்கும் உண்டு. 1994-இல் ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடங்கி வைத்தது, 2017-இல் புட்டசாமி வழக்கில் அடிப்படை உரிமையாயிற்று. மற்றது, ஒரு முகத்துக்கு இருக்கும் சந்தை மதிப்பு. 2015-இல் ரஜினிகாந்த் தம் பெயரையும் பாணியையும் ஒரு இந்திப் படத்தில் பயன்படுத்தக் கூடாது என்று சென்னையில் தடை வாங்கினார். 2023-இல் அனில் கபூர், 2024-இல் பாடகர் அரிஜித் சிங் (குரலைப் போலி செய்யும் ஏஐ கருவிகளுக்கு எதிராக, பம்பாயில்), 2025-இல் இளையராஜா என்று பட்டியல் நீள்கிறது. பெயர் தெரியாத எதிராளிகளையும் சேர்த்து "அசோக் குமார்" என்று எதிர்மனுதாரர் போட்டு வாங்கியவை இவற்றில் பல. அந்த அசோக் குமார் ஒரு கற்பனை ஆள், வெளிநாட்டில் ஜான் டோ என்பார்கள்.

உங்களுக்குச் சந்தை மதிப்பு இல்லாவிட்டாலும் அந்தரங்க உரிமையை வைத்து நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு ரீலை நீக்க உயர் நீதிமன்றம் வரை போவது கொசுவுக்குப் பீரங்கி. குறைதீர் அலுவலர், மேல்முறையீட்டுக் குழு, போலீஸ் மூன்றும் கைவிட்ட பிறகு ரிட் மனு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகம்தான் உங்கள் தொழில் (மருத்துவர், பங்குச்சந்தை ஆலோசகர், யூடியூபர்) என்றால், உங்கள் முகத்தை வைத்துப் போலி மருந்தோ முதலீடோ விற்கிறார்கள் என்றால், சிவில் வழக்கு போட்டு இடைக்காலத் தடை கேட்பது பயனுள்ளது. அந்த விளம்பரம் காட்டி எத்தனை பேர் உங்களைக் கேட்டார்கள் என்ற செய்திகளையெல்லாம் சேர்த்து வையுங்கள், நஷ்டத்தைக் காட்ட அதுதான் உதவும்.

என் போட்டோதானே, காப்பிரைட் போட்டு நீக்கலாமா?

போட்டோவின் பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கு, அதில் இருப்பவருக்கு இல்லை. நீங்களே எடுத்த செல்ஃபியிலிருந்து செய்திருந்தால் மட்டும் இந்த வழி வேகமானது. கல்யாண ஸ்டுடியோ போட்டோ என்றால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர் யார் என்று பார்க்க வேண்டிவரும்.

மூலையில் "ஏஐ-ஆல் உருவாக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறான். அப்படியென்றால் சட்டப்படி சரியா?

சரியில்லை. 2026 திருத்தம் செயற்கை வீடியோவுக்குத் தெளிவான குறியீடும் கோப்புக்குள் அழியாத அடையாளமும் வேண்டும் என்கிறது. நிறத்தைச் சரிசெய்வது, இரைச்சலைக் குறைப்பது போன்ற சாதாரண எடிட்டிங்குக்கு விலக்கு. ஆனால் ஆபாசமும் ஆள்மாறாட்டமும் லேபிள் ஒட்டினாலும் குற்றம்தான். விஷப் புட்டியில் விஷம் என்று எழுதிவிட்டு ஊற்றிக் கொடுத்தாற்போல.

கேலி, கார்ட்டூன், அரசியல் பகடி வேறு. எல்லாருக்கும் பகடி என்று புரிகிற ஏஐ கார்ட்டூனுக்கு எதிராக அரசியல்வாதிகளோ பிரபலங்களோ தடை வாங்குவது கடினம், கடினமாக இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

இறந்துபோன அப்பாவின் குரலை யாரோ பயன்படுத்துகிறார்கள். குடும்பம் தடுக்க முடியுமா?

இந்தியச் சட்டத்தில் மிகவும் பலவீனமான இடம் இது. ஜெயலலிதா வாழ்க்கைப் படத்துக்கு எதிராக ஜெ. தீபா தொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமையும் நற்பெயரும் வாரிசுச் சொத்தாக இறங்காது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இதற்கிடையில் 2024 தொடக்கத்திலேயே கருணாநிதியின் ஏஐ உருவம் மேடையில் தோன்றியது, ஜெயலலிதாவின் ஏஐ குரல் கட்சிப் பிரச்சாரத்தில் வந்தது. அவை அவரவர் கட்சியே செய்தவை. எதிர்க்கட்சி செய்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நேரடித் தீர்ப்பு இல்லை.

பாடகர் என்றால் வேறு ஒரு பிடி இருக்கிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியில்லாமல் உருவாக்கியதாகத் தெலுங்குப் படக்குழு ஒன்றுக்கு அவர் மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அதே சமயத்தில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை ஒரு பாட்டில் பயன்படுத்தியபோது குடும்பங்களிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். பதிவான பாட்டை எடுத்து ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுத்திருந்தால் அந்த ஒலிப்பதிவின் உரிமையாளரான இசை நிறுவனம் பதிப்புரிமை வழக்குப் போடலாம். குடும்பம் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து போவதே நடைமுறைக்கு ஏற்றது.

செய்தவன் வெளிநாட்டில் இருக்கிறான். அல்லது நான் வெளிநாட்டில் இருக்கிறேன்.

அவன் வெளியே இருந்தாலும் இந்தியாவிலுள்ள கணினி சம்பந்தப்பட்டிருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 75-படி நம் சட்டம் செல்லும். ஆளைப் பிடித்துவருவதுதான் வருடக்கணக்காகும், நீக்கும் வேலையில் கவனம் செலுத்துங்கள். நீங்கள் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருந்தால் சம்மதமில்லாத அந்தரங்க டீப்ஃபேக்கைப் பகிர்வது 2024 ஜனவரி 31 முதல் அங்கே குற்றம். அமெரிக்காவில் 2025 மே 19-இல் கையெழுத்தான சட்டம், புகார் வந்த 48 மணி நேரத்தில் தளங்கள் நீக்க வேண்டும் என்கிறது. தளங்கள் அதற்கான ஏற்பாட்டைச் செய்ய ஓராண்டு தந்திருந்தார்கள்.

டப்பிங் கலைஞர், துணை நடிகர், மாடல்: ஒப்பந்தத்தில் என்ன பார்க்க வேண்டும்?

"எல்லா ஊடகங்களிலும், இனி வரக்கூடிய தொழில்நுட்பங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பழைய ஒப்பந்தங்களில் இது டி.வி., டி.வி.டி.க்காக எழுதியது. இன்று அதே வரி உங்கள் குரலை ஏஐ மாடலுக்குத் தீனியாகப் போடும் அனுமதியாக வாசிக்கப்படலாம். பதிப்புரிமைச் சட்டப்படி படத்தில் நடிக்க எழுத்தில் சம்மதித்துவிட்டால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, அந்தப் படத்தில் உங்கள் நடிப்பைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. 2025 ஆகஸ்டில் "அம்பிகாபதி" படத்தின் முடிவை ஏஐ கொண்டு மாற்றி மறுவெளியீடு செய்தபோது நாயகன் தனுஷும் இயக்குநரும் வெளிப்படையாக எதிர்த்தார்கள், ஆனாலும் படம் திரைக்கு வந்தது.

சேர்க்கச் சொல்ல வேண்டியவை: குரலும் உருவமும் இந்த ஒரு படைப்புக்கு மட்டும். ஏஐ பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாது. டிஜிட்டல் நகல் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் தனியாக எழுத்து அனுமதி, தனிச் சம்பளம். ஆடிஷனுக்குக் கொடுத்த குரல் மாதிரியும் முக ஸ்கேனும் தேர்வாகாவிட்டால் 30 நாளில் அழிக்கப்பட வேண்டும், அழித்ததாக மின்னஞ்சல் வர வேண்டும். ஒரு நாள் சம்பளத்துக்கு வருகிற துணை நடிகரிடம் முழு உடல் ஸ்கேன் கேட்டால், எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள் என்றால் ஸ்கேன் அறைக்குள் போகாதீர்கள்.